குற்றாலம் லைனும் மூன்று கையெழுத்தும்

எண்பதுகளின் தொடக்கம், தென்காசி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக எனக்கு முதல் சாரல் சீசன். ஸ்விட்ச்போர்டு ஓரத்து ஆணியில் சணலில் தொங்கியது ஒரு நீள நோட்டு. மூன்று ஷிப்டுக்காரர்களும் முகம் பார்ப்பது ஹெட்செட் கைமாறும் அரை நிமிடம்தான். பேச்செல்லாம் நோட்டில். ஒருவர் எழுத, கீழே அடுத்தவர் பதில், அதற்கும் கீழே கிண்டல். ஊதா மை, காலை அக்கா. சாய்ந்த எழுத்து, மாலை அண்ணாச்சி. பென்சில், மதிய ஷிப்டு நான்.

அந்த ஆனி மாதத்தில் ஒரே பேச்சு, குற்றாலம் லைன்.

"பத்து மணிக்கு மேல ஒரே கரகரப்பு. ராத்திரி அடிச்ச சாரல்தான், சனியன்!" ஊதா.

"சாரலை ஏன் ஏசுதீங்க? ஆறு மணிக்கெல்லாம் எனக்கு மணி மாதிரி கேக்கு." சாய்வு.

"ஒங்களுக்கென்ன அண்ணாச்சி, திட்டு வாங்குதது நாங்க." பென்சில்.

பாவம், லைன்மேன் அண்ணாச்சி. இலத்தூர்க்காரர். மழை பெய்யும்போதெல்லாம் சைக்கிளை மிதித்துப் போய்க் கம்பம் கம்பமாக ஏறினார், பழுது அகப்படவில்லை. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் ராமநாதபுரம் பக்கம் மாற்றல் என்றுவிட்டார் மேலதிகாரி. வீட்டில் மனைவிக்கோ நிறைமாதம்.

"நோட்டுல எழுதுங்க, வழி பொறக்கும்" என்றேன்.

"அது உக்காந்து வேலை பாக்கவங்களுக்கும்மா. நான் ஏறுதவன்."

வியாழன் மதியம் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். கரகரப்பு என்று எழுதிய நாளிலெல்லாம் ஓரத்தில் யாராவது கிறுக்கியிருந்தார்கள். 'இன்னிக்கு வெயில் சுள்ளுனு.' 'வத்தல் காயப்போடணும், சீக்கிரம் வாங்க.' பகலில் சாரல் அடித்த நாளில் ஒரு புகார்கூட இல்லை! பென்சில் முனை ஒடியும்படி எழுதினேன்: 'லைன் கெடுவது மழையில் இல்லை. வெயிலில்!'

மாலையில் சாய்வு: 'அருவிக்குப் போற வழியில ஒரு லாட்ஜ் மொட்டைமாடிய ஒட்டித்தான் கம்பி போகுது. கையெட்டும்.'

வெள்ளி காலையில் ஊதா, பக்கம் கிழியுமளவுக்கு: 'ஏட்டி! வெயிலடிச்சா குளிச்சவன் என்ன செய்வான்? வேட்டிய காயப்போடுவான்!'

லைன்மேன் அண்ணாச்சிக்கு மூன்றையும் படித்துக் காட்டினேன். வெளியே பளீரென்று வெயில். சைக்கிள் பறந்தது. முக்கால் மணி நேரத்தில் குற்றாலம் லைனின் கரகரப்பு பட்டென்று நின்று, ஹெட்செட்டில், அவர் கம்பியில் மாட்டிய சோதனை போனிலிருந்து குரல்:

"யம்மா! ஏழு வேட்டி, ரெண்டு பாவாடை! ரெண்டு கம்பியையும் சேத்து ஈரத்தோட போத்தி வச்சிருந்தாங்க!"

பின்னால் யாரோ கத்தினார்: "ஏலே, அது என் வேட்டிலே!"

நான் சிரித்த சிரிப்பில் செங்கோட்டைக்குப் போக வேண்டிய பிளக்கைக் கீழப்பாவூரில் சொருகிவிட்டேன்.

சனிக்கிழமையும் நல்ல வெயில். மேலதிகாரி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். குற்றாலத்தைப் பிடித்தேன். அப்படி ஒரு துல்லியம், அருவி இரைவதுகூடக் கேட்டது! தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாற்றல் பேச்சு அதோடு நின்றது.

அன்று நோட்டில் புதிதாக ஒரு தடித்த எழுத்து: 'கம்பிய எட்டாத ஒசரத்துக்கு ஏத்தியாச்சு. நான் இங்கனதான்.'

கீழே ஊதா: 'பிள்ளை பொறந்ததும் இதுலதான் எழுதணும், கேட்டீங்களா?'