பனியன் பெட்டியில் எங்கள் வள்ளி

பெற்ற பிள்ளையை விளம்பரப் படத்துக்கு நிறுத்துவது ஊருக்குப் பெருமை. பெற்றவளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிற வேலை. அந்த அவதி பட்ட தாய்மார்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அறுபதுகளில் திருப்பூரில் ஒரு கம்பெனியில் பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கும் பனியன் தயாரிக்க ஆரம்பித்த முதலாளி, பெட்டி மேல் ஒட்டும் படத்துக்கு என் மூன்று வயது மகள் வள்ளியைக் கேட்டார். என்னைக் கேட்காமலே என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார்.

ஸ்டுடியோவில்

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் தெருவில் பேச்சு. அதனால் வள்ளி கன்னத்தில் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு வைத்துக் கூட்டிப்போனேன். போட்டோக்காரர் ஈரத்துணியால் அதைத் துடைத்தே விட்டார். ஐயையோ பொட்டு என்று கத்தினேன். அவரானால் சாவதானமாகச் சொல்கிறார்: "அச்சுல கறையாட்டத் தெரியுமுங்க. சரக்கே கறைன்னு கடைக்காரரு திருப்பி அனுப்பிருவாருங்க."

சாக்கடை ஓரம்

பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. எந்த ஊரில் எவர் கண் படுகிறதோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் ஒரு காலிப் பெட்டி. வள்ளி முகம் பாதி நனைந்து மேலே பார்த்தபடி கிடந்தது. எடுத்துத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

வெறும் சளிக் காய்ச்சல் என்றார் டாக்டர். காய்ச்சல் இறங்கிவிட்டது, என் பயம் இறங்கவில்லை. கூட அடுக்குகிற பாத்திமாக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் கேட்டார்: "படம் ஊரெல்லாம் சுத்துது, பொட்டு மட்டும் ஊட்டுலயே இருந்தா எப்படி கண்ணு?"

மை டப்பி

மறுநாளே மை டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். நான் அடுக்கிய பெட்டியிலெல்லாம் வள்ளி கன்னத்தில் பொட்டு. மற்றவர்கள் அடுக்கியதில் கிடையாது.

சில மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார். மேசை மேல் பொட்டு வைத்த பெட்டி ஒன்று, வைக்காதது ஒன்று. எதிரே மூலனூர்க் கடைக்காரர். வேலை போனால் போகட்டும், பொட்டை நிறுத்தச் சொல்லிவிட்டால் என் பிள்ளை கதி என்ன என்பதுதான் என் கவலை. கடைக்காரர் பொட்டில்லாத பெட்டியைத் தள்ளிவிட்டார்: "பொட்டு வெச்சதே குடுங்க. இது டூப்ளிகேட்டுன்னு எங்கூருச் சனம் தொடவே மாட்டேங்குதுங்க."

அடுத்த தடவையிலிருந்து பொட்டை அச்சிலேயே போட்டுவிட்டார்கள். அச்சு மைக்குத் திருஷ்டி கழியுமா என்கிற பயத்தில், வள்ளிக்குக் கல்யாணம் ஆகும்வரை அதன் மேலேயே நானும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.