முழங்காலுக்குக் கீழே

வெள்ளிமலையில் ஜீப்பை விட்டு இறங்கியபோது என் வலது உள்ளங்கால் வெந்துபோயிருந்தது. எனக்குத் தெரியவில்லை. முதலில் பார்த்தவள் என் தங்கை அஞ்சலை.

"அக்கா, இன்னா இது? காலு இப்படிக் கொப்பளிச்சிகினு இருக்குது, நீபாட்டுக்கு நடந்துகினு வர்றியே!"

மலைக்குப் போகும் ஜீப்பில் டிரைவர் பக்கத்து இடத்தை எனக்குத்தான் விடுவார்கள். 'மேஜர் அம்மா' என்கிற மரியாதை. அன்று கால் வீக்கமாக இருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். இன்ஜின் சூட்டில் காலடித் தகரம் கொதித்திருக்கிறது. பல வருஷச் சர்க்கரையில் என் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. நியூரோபதி (நரம்புகள் உணர்விழப்பது) என்பார்கள். சர்க்கரை உள்ளவர்களே, வண்டியில் முன்னால் உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றாதீர்கள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆயுசெல்லாம் அடுத்தவர் புண்ணுக்குக் கட்டுப் போட்டவள், ஒரு கொப்புளத்துக்குப் போய் டாக்டரா என்ற திமிர். நானே கட்டினேன்.

எங்களுடையது தியாகதுருகத்துப் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்து நான் ராணுவத்தில் சேர்ந்தபோது, பொட்டப் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புகிறானே என்று அப்பாவை ஏசாத வாயில்லை. காஷ்மீர், அசாம், ராஜஸ்தான் என்று போட்ட இடத்துக்கெல்லாம் போனேன். குண்டடி, பனியில் கருகிய விரல்கள், கண்ணிவெடியில் போன கால்கள் எல்லாம் பார்த்தேன். அந்த வேலை எனக்கு உயிர். கல்யாணம் என்று ஒன்று இருப்பதே மறந்து, மேஜராகத்தான் ஓய்வு பெற்றேன்.

காய்ச்சல் வந்த பிறகுதான், அதுவும் அஞ்சலை இழுத்துக்கொண்டு போய்த்தான், கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சர்ஜன் சின்ன வயசுக்காரர். கட்டைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது.

"உங்களுக்குத் தெரியாதது இல்லம்மா. பாதம் தங்காது. முழங்காலையாவது காப்பாத்தப் பார்க்கிறேன்."

எனக்கு அது நன்றாகவே தெரியும். முழங்கால் இருந்தால் செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு கடைகண்ணிக்குப் போகலாம், பஸ் ஏறலாம். முழங்கால் போனால் ஒவ்வோர் அடியும் பாடு. எத்தனையோ பையன்களைப் பிடித்து நடத்திப் பழக்கியவள் நான். "காப்பாத்துங்க சார்" என்று சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் அழுதேன்.

கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். கிருமி மேலே ஏறாமல் இருந்தால் முழங்கால் பிழைக்கும். ஏறினால் தொடையில் வெட்ட வேண்டும். அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால், நிற்க முடிந்தவன் கட்டிலருகே விறைப்பாக நிற்பான். முடியாதவன் படுத்தபடியே கைகளை உடம்போடு ஒட்டி நீட்டிக்கொள்வான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "டீக் ஹை சாப்." எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வலிக்கிறது என்று சொன்னவன் குறைவு. டாக்டர்கள் போன பிறகு நான் திரும்பி வந்து போர்வையை விலக்கிப் பார்ப்பேன்.

கள்ளக்குறிச்சியில் சர்ஜன் என் கட்டிலுக்கு வந்தார். யாரும் சொல்லாமலே என் கைகள் நேராயின.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்கேன் சார்."

அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். அஞ்சலைதான் விடவில்லை.

"பொய் சார்! ராவெல்லாம் ஒதறிகினு கெடந்துச்சு. ரெண்டு கம்பளி போத்தியும் அடங்கல. தொடையத் தொட்டுப் பாருங்க, அடுப்பாட்டம் சுடுது. இது மிலிட்டரி சார், செத்தாக்கூட நல்லா இருக்கேன்னுதான் சொல்லும்!"

வார்டே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. "வாய மூடுடி" என்று பல்லைக் கடித்தேன்.

"நீ மூடு. காலு போச்சின்னா நானாடி தூக்கிகினு அலையணும்?" என்றவள் குரல் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டாள். என் தங்கை என்னை 'டி' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை.

கட்டைப் பிரித்தார்கள். உள்ளே சீழ் கட்டியிருந்தது. அன்று மதியமே மறுபடி ஆபரேஷன் தியேட்டர். டெப்ரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டி அகற்றுவது) செய்தார்கள், மருந்தை மாற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சல் விட்டது. சர்ஜன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சலையிடம்தான் சொன்னார்: "நீங்க வாயத் திறக்கலன்னா முழங்கால் இருந்திருக்காதும்மா."

இதைப் படிக்கிற நோயாளிகளுக்குச் சொல்கிறேன். டாக்டரிடம் வீரம் காட்டாதீர்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவர் உங்களைக் காட்டிக்கொடுத்தால் கோபப்படாதீர்கள். நான் கோபப்பட்டேன், ஒரு பகல் முழுக்க அவளோடு பேசவில்லை. நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

புண் ஆறியதும் அஞ்சலை வீட்டுக்கே வந்துவிட்டேன். ஒரு காலத்தில் டியூட்டி மணிதான் எனக்குப் பொழுது. இப்போது வெட்டிய இடத்துத் தோல் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை வைத்துத்தான் வாரம் போவது தெரிகிறது. செயற்கைக் காலுக்கு அளவெடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம், இல்லாத உள்ளங்கால் அரித்தது. ஃபேன்டம் (வெட்டிய உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை நினைப்பது) என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஆச்சரியம் தாங்கவில்லை. வருஷக்கணக்காக எதையும் உணராத பாதம், போன பிறகு எனக்குத் திரும்பி வந்திருந்தது. அஞ்சலையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்த எடம்?"

"கட்ட வெரலுக்குக் கீழ."

வெறும் படுக்கை விரிப்பை நகத்தால் மெல்லச் சொறிந்தாள். "இங்கயாக்கா?"

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி."

நகர்த்திச் சொறிந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கொறஞ்சிச்சா?"

"கொறையுது. நிறுத்தாதடி."