பத்து மணிப் புகை

கமலினி சர்க்கேலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் கஸ்பா தெருவில் யாராவது சொன்னால் நான் வாய்விட்டுச் சிரித்துவிடுவேன். அவருடைய பொய்யை நான்கு மாதம் என் பாத்திர அலமாரிக்குக் கீழே ஒளித்துவைத்துக் காப்பாற்றியவள் நான்தான்.

எனக்குக் கல்கத்தாவில் இது முப்பத்தோராவது வருஷம். அலமேலு என்ற பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாததால் ஆலோ ஆகிவிட்டேன். கீழே நாங்கள், மாடியில் சர்க்கேல் தம்பதி. கமலினியைத் தெருவே 'பௌதி' என்றுதான் கூப்பிடும். அண்ணி என்று. அறுபத்திரண்டு வயது, குள்ளம், வாய் கொஞ்சம் நீளம். தபால் ஆபீசில் முத்திரை குத்தியே காய்த்துப்போன கை. மீன் துண்டில் மஞ்சள் தடவும்போதும் அதே குத்துதான். சாயங்காலம் கணவரோடு லூடோ ஆடுவார். அவர் கண்ணாடியைத் துடைக்கும் நேரத்தில் தன் காயை இரண்டு கட்டம் நகர்த்திவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருமுறைகூடக் கண்டுபிடித்ததில்லையாம். அதில் பௌதிக்கு ரொம்பப் பெருமை.

கணவர் அமூல்யரதன், துறைமுக ஆபீசில் ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டே சொத்து, மூக்கும் நாக்கும். முள்ளைச் சப்பியே ருய் மீன் எந்த ஏரியில் வளர்ந்தது என்று சொல்லிவிடுவேன் என்று பட்லாவின் டீக்கடையில் தினமும் அளப்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. ஏரி வந்து சாட்சி சொல்லவா போகிறது?

போன ஜூலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி வீடு திரும்பினார். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். புனேயில் இருக்கும் மகள் டும்பா அதோடு விடவில்லை. இனிமேல் வீட்டில் ஆலிவ் எண்ணெய்தான் என்று ஆணை போட்டு, ஐந்து லிட்டர் டின்னையும் அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் ருய் மீன் குழம்பு. அமூல்ய பாபு தட்டுக்குமேல் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன இது?"

"பாத்தாத் தெரியலையா? மீன் குழம்பு."

"இது டும்பா கைக்குழந்தையா இருந்தப்போ குளிர்காலத்துல மொட்டை மாடியில போட்டு உருட்டி உருட்டித் தேய்ச்சியே, அந்த எண்ணெய். அதுல மீனை வறுத்திருக்கே. நாளைக்கு மேல பவுடர் தூவிக் குடுப்பியா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில் அது ரொம்ப காலம் சோப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. குழந்தைக்குத் தேய்க்கிற சாமானைச் சட்டியில் ஊற்றினால் எந்த வங்காளிக்குச் சோறு இறங்கும்? அவர் தட்டைத் தள்ளிவிட்டார். அப்புறம் வெறும் பொரிதான். காலையில் பொரி, மதியம் பொரி, ராத்திரியும் பொரி. எட்டு நாளில் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் பௌதி இறங்கிவந்து என் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஆலோ, அந்த மனுஷன் சாப்பிட மாட்டேங்கறாரு."

"பட்டினி போடுங்க பௌதி. தானா வழிக்கு வருவாரு." எனக்கு எரிச்சல். ஆம்பளைகள் நாக்குக்கு ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

"ஏற்கெனவே பாதி ஆளாத் திரும்பி வந்திருக்காருடி. பழைய கடுகெண்ணெய்க்குப் போகவும் பயமா இருக்கு. ஆஸ்பத்திரியில பக்கத்து நாற்காலியில உக்காந்துகிட்டு, அவர் மூச்சை ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டிருந்தேன். திரும்பவும் அந்த நாற்காலியில என்னால உக்கார முடியாது."

எனக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. நல்லெண்ணெய்த் தூக்கை எடுத்துத் துடைத்தேன். பௌதி அந்தத் தூக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். லூடோ காயை நகர்த்தும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு.

மறுநாள் காலை மாடிப்படியில் தெருவுக்கே கேட்கும்படி கூச்சல். "இந்தாடி ஆலோ! இதைக் கொண்டுபோய் உன் உடம்புல தேய்ச்சுக்கோ! எங்க ராஜாவுக்கு இது வேண்டாமாம்!" டின் என் வீட்டுக்கு வந்தது. உள்ளே நாற்காலியில் ராஜா வெற்றிப் புன்னகையோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் பௌதியின் பழைய கடுகெண்ணெய் டின், கீரைக்கட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு கீழே வரும். ஆலிவ் எண்ணெய் நிரம்பியதும் மறுபடி கீரையைப் போர்த்திக்கொண்டு மாடியேறும்.

ஆனால் மூக்கை எப்படி ஏமாற்றுவது? கடுகெண்ணெயைப் புகைய விட்டுத்தான் இங்கே சமையல் ஆரம்பமாகும். அந்த நெடி வராத வீட்டில் அடுப்பே எரியவில்லை என்றுதான் தெரு நினைக்கும். அதற்கும் பௌதி வழி வைத்திருந்தார். சரியாகக் காலை பத்து மணிக்கு, உள்ளங்கை அகலக் கடாயில் நிஜக் கடுகெண்ணெய் இரண்டு ஸ்பூன். புகை கிளம்பியதும் கண்ணில் நீர் வழிய வழிய, துண்டால் கூடத்துப் பக்கம் விசிறுவார். நெடி பேப்பரைத் தாண்டி மூக்கில் ஏறி அவர் ஒரு தும்மல் போட்டதும் அடுப்பை அணைத்துவிடுவார்.

பக்கத்து அடுப்பில் சத்தமில்லாமல் உண்மையான சமையல் நடக்கும். முதல் வாரம் மீன் சட்டியில் ஒட்டிப் பிய்ந்தது. பிறகு துண்டுகளைத் துணியால் ஒற்றி, தீயைக் குறைத்து, தானாக விடும்வரை தொடாமல் இருக்கப் பழகினார். கத்தரிக்காய் எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும் ஜாதி. அதை வில்லைகளாக்கி மேலே எண்ணெய் தடவித் தோசைக்கல்லில் போட்டார். கடுகும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது இரண்டு பங்கு. இறக்கும்போது ஒரே ஒரு சிறு ஸ்பூன் பச்சைக் கடுகெண்ணெய். அந்த ஒரு ஸ்பூன் மட்டும் நிஜம்.

அமூல்ய பாபு சாப்பிட்டார். முள்ளைச் சப்பினார். விரலைச் சப்பினார். "இதுதான்டா எண்ணெய்!" என்றார். அக்டோபரில் டாக்டர் பரிசோதித்துவிட்டு நல்ல முன்னேற்றம் என்றாராம். அன்று பட்லா கடையில் ஒரே பிரசங்கம். "டாக்டருக்கு என்ன தெரியும்? வங்காளி உடம்புல ஓடறது ரத்தம் இல்லப்பா, கடுகெண்ணெய்!" காய் வண்டியருகே நின்றிருந்த நான் முட்டைக்கோசுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

டிசம்பர் கடைசியில் டும்பா வந்தாள். நான் தயிர் வடை எடுத்துக்கொண்டு மேலே போன நேரம் சரியாகப் பத்து மணி. சமையலறை முழுக்கப் புகை. டும்பா வாசற்படியில் நின்று, மேடைமேல் இருந்த கடுகெண்ணெய் டின்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இதுலதான் சமைக்கறியா? நான் அனுப்பினது எங்கம்மா?"

"ஆலோவுக்குக் குடுத்துட்டேன்."

"ஆலோ மாஷி! நீங்களாவது சொல்லக் கூடாதா?"

நான் கூரையில் ஒட்டடை தேடினேன்.

"அப்பா உயிரைவிட அவர் நாக்குதான் உனக்குப் பெருசாப் போச்சாம்மா?"

பௌதியின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கூடத்தில் இருக்கும் மனுஷன் மறுபடி பொரிக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் பெற்ற பெண் முன்னால் இந்தப் பழியைச் சுமக்க வேண்டும். கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பெண்ணை ஓர் அறை அறையலாம் போல் வந்தது.

அப்போது அமூல்ய பாபு பேப்பரோடு உள்ளே வந்தார்.

"டும்பா, கையை நீட்டு."

டின்னைச் சாய்த்து அவள் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். "மோந்து பாரு."

அவள் மோந்தாள். மறுபடியும் மோந்தாள். "அப்பா, இது நான் அனுப்பின எண்ணெய்..."

பௌதியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"குளிர் ஆரம்பிச்ச அன்னிக்கே. குளியலறைக் கடுகெண்ணெய் பாட்டில் காலி. உன் டின்லேர்ந்து கொஞ்சம் ஊத்திக்கிட்டுப் போனேன். தொப்புள்ல வெச்சேன், மூக்குல உறிஞ்சினேன். தும்மல் இல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. மூக்குல கடுகெண்ணெய் ஏறி அழாத வங்காளி உண்டா?"

பௌதியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாக்கை யோசித்தோம், நெடியை யோசித்தோம். குளிர்காலத்தில் இந்த ஊர் ஆண்பிள்ளைகள் எண்ணெய் தேய்க்காமல் குளிக்கப் போகமாட்டார்கள் என்பதை இரண்டு மேதாவிகளும் மறந்துவிட்டோம்.

"ஒன்றரை மாசம் ஆச்சே! ஏன் சொல்லல? தினம் சப்பிச் சப்பிச் சாப்பிட்டீங்க?" என்றார் பௌதி.

"என்னத்தைச் சொல்றது? தினம் பத்து மணிக்குச் சின்னக் கடாயை வெச்சுக்கிட்டு, கண்ணு எரிய எரிய விசிறிக்கிட்டு நிக்கறே. எனக்காக இவ்வளவு பாடுபடற ஆளை எப்படிக் காட்டிக் குடுப்பேன்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லூடோவுல காயை நகர்த்தறியே, அதையும்தான் முப்பத்தெட்டு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். சொன்னேனா?"

"அதுவுமா தெரியும்!" என்று அலறிவிட்டுப் பௌதி அழுதார். அடுப்பில் புகை எப்போதோ அடங்கியிருந்தது. டும்பா எண்ணெய்க் கையோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வடைப் பாத்திரத்தை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் அதே நெடி. பதறிக்கொண்டு மேலே ஓடினேன். பௌதி சின்னக் கடாய் முன்னால் துண்டும் கையுமாக நின்றிருந்தார்.

"இன்னும் எதுக்கு பௌதி? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே!"

இந்த முறை அவர் கூடத்துப் பக்கம் விசிறவில்லை. ஜன்னலுக்கு வெளியே, பட்லாவின் கடைப்பக்கம் விசிறிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குத்தான் தெரியும், தெருவுக்குத் தெரியாதே. அங்க அவர் கௌரவம் என்ன ஆகறது?"

நான் மற்ற ஜன்னல் கதவையும் திறந்துவிட்டேன்.