மச்சானின் சட்டைப் பை

டீக்கடையில் என் பக்கம் கிளாஸை நீட்டினார்கள். அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. கையைப் பார்த்தேன், கிளாஸைப் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் வலது கை தொங்கிப்போனது.

பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்து, உடலில் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பினேன். பேச்சு மட்டும் பாதிக்கப்படாமல் தப்பியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவருடைய கை காலை மட்டும் கவனிக்காதீர்கள். உங்கள் கைகளை அவர் எப்படிப் பார்க்கிறார் என்றும் கவனியுங்கள். நான் எல்லோர் கையையும் திருட்டுக் கையாகத்தான் பார்த்தேன்.

என் மனைவி மும்தாஜ் மாத்திரையைப் பொடித்தால், எதையோ கலக்கிறாள் என்று வாயை இறுக மூடிக்கொள்வேன்.

"இத்தனை வருசம் ஆக்கிப் போட்டவ, இப்பத்தான் கலந்து குடுக்கப் போறேனாக்கும்?" என்று அழுதாள்.

பெரிய கூத்து மச்சானோடு நடந்தது. சாகுல் மச்சான் மும்தாஜின் அண்ணன். நான் விழுந்ததிலிருந்து என் ஹார்டுவேர் கடையை அவர்தான் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வந்து சலாம் சொல்லி, என் கையை இரண்டு கையாலும் பிடிப்பார். விட்டதும் அவர் கை நெஞ்சுக்குப் போகும். அங்கேதான் சட்டைப் பை. என்னிடமிருந்து எதையோ எடுத்துப் பையில் போடுகிறார்! நாலு நாள் உற்றுப் பார்த்தேன். ஐந்தாம் நாள், என்னிடமிருந்த கடையின் மாற்றுச் சாவியைக் காணோம்.

"பையைக் காட்டுங்க மச்சான். சாவியை எடுத்துட்டீக."

பையை வெளியே இழுத்துக் காட்டினார். பேனாவும் மடித்த தொப்பியும் இருந்தன.

"சலாம் குடுத்துட்டு நெஞ்சுல கை வச்சேன் மாப்ள. நீங்களும் அதைத்தானே செய்வீக?"

நான் நம்பவில்லை. இனி வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்றேன். அவர் கடையை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை மதுரைக்குக் காட்டப் போனபோது மும்தாஜ் இதைச் சொல்ல, டாக்டரம்மா கோபிக்கவில்லை.

"அடுத்தவங்க கை எதுக்குப் போகுதுன்னு புரிஞ்சுக்க, நம்ம கையை நடத்துற பகுதியும் உதவுதுன்னு சொல்றாங்க. உங்களுக்கு அங்கதான் அடி. கை பழகினா இதுவும் தேறலாம். உறுதியா சொல்ல முடியாது."

பிசியோதெரபியில் (அசைவுப் பயிற்சி) கிளாஸ் தூக்கினேன், பூட்டைத் திறந்தேன். மும்தாஜ் வீட்டில் வேறொன்று பழக்கினாள். என் வலது கையைப் பிடிப்பாள், விடுவாள், "நெஞ்சுக்குக் கொண்டு போங்க" என்பாள். பல வாரம் கை பாதியிலேயே விழுந்தது. ஒரு நாள் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அந்த நிமிடம் எனக்கு விளங்கிவிட்டது. வெட்கத்தில் அழுதேன். அதற்கு அப்புறம்தான் சாவி கிடைத்தது, நானே என் செருப்புப் பெட்டியில் வைத்திருந்தேன்.

மச்சானை வரச் சொன்னேன்.

இன்றும் எனக்கு முதலில் கைதான் தெரிகிறது, அர்த்தம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அந்த இடைவெளியில் எல்லோரும் திருடர்கள். வாயைத் திறக்காமல் காத்திருக்கப் பழகியிருக்கிறேன்.

ஆனால் அன்று மச்சான் வாசலில் நின்ற கோலம் மட்டும் உடனே புரிந்தது. எப்போதும் அரைக்கைச் சட்டை போடுகிறவர், பையே இல்லாத ஒரு டீ-சர்ட்டில் வந்திருந்தார்.