ஒலிக்காத ஹாரனும் காதர் பாயும்

மதிய உணவு நேரத்தில் காதர் பாயின் மகன் ரபீக் போனில் கூப்பிட்டார். "டீச்சர், அத்தா மவுத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பெறகு அடக்கம்" என்றார். எனக்கு முதலில் ஒரு நிம்மதிதான் வந்தது. இனி என் காலை நினைத்து காதர் பாய் வருந்த வேண்டியதில்லை என்ற நிம்மதி. துக்கம் அதற்குப் பிறகே வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உங்களில் பலருக்கு அவர் திண்டுக்கல்லில் வெங்காய கமிஷன் கடை வைத்திருந்தவர். எடையில் கறார், பேச்சில் சிக்கனம். எனக்கு அவர் என் வண்டியில் காரை மோதியவர். எங்கள் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

பல வருடங்களுக்கு முன் ஆத்தூர் சாலையில், பள்ளி விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குள் போக வலப்பக்கம் ஒடித்தேன். சிக்னல் போடவில்லை, பின்னால் பார்க்கவும் இல்லை. முந்த வந்த காரில் அவர் ஹாரனை அழுத்தியிருக்கிறார்; சத்தம் வரவில்லை. பிரேக் பிடித்தும் கார் என்னைத் தட்டிவிட்டது. முழங்கால் சில்லு உடைந்தது. அவரே என்னைத் தூக்கிக் காரில் கிடத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

மறுநாள் கட்டிலருகே வந்து நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. காலையிலேயே காரை எலெக்ட்ரீசியனிடம் விட்டு, ஏன் சத்தம் வரவில்லை என்று கூடவே நின்று பார்த்திருக்கிறார். ஃபியூஸ் போகவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தபோது ஹாரன் அலறியிருக்கிறது.

"ஹாரன் நல்லாத்தான் இருக்கு டீச்சர். எர்த் ஒயர் துருப்பிடிச்சுக் கெடக்கு. உப்புத்தாள வச்சு ஒரு தேய்ப்பு, போல்ட்ட ஒரு முறுக்கு, அம்புட்டுதான் வேல. சத்தம் வரலேன்னு எனக்கு முன்னாடியே தெரியும். லோடு எறங்கட்டும், பெறகு பாப்போம்னு விட்டுட்டேன்."

சண்டை போடத் தயாராக இருந்த என் கணவர் மறுபடி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். போலீஸ் ஸ்டேஷனிலும் பாய் இதையேதான் சொன்னார். இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று அவருடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டதாகப் பின்னால் ரபீக் சொன்னார்.

கால் கூடியது, நடையில் ஒரு சாய்வு மட்டும் தங்கிவிட்டது. அந்த எலெக்ட்ரீசியனிடம் வேலையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டு, சந்தைக்கு வரும் வேன்களின் ஹாரனை பாய் சோதிக்கத் தொடங்கினார். சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் லைட். டிரைவர்கள் அவருக்கு 'ஹாரன் பாய்' என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை நான் வெங்காயம் வாங்கப் போயிருந்தேன். குஜிலியம்பாறையிலிருந்து வந்த டிரைவர் ஒருவர், சத்தம் இல்லாவிட்டால் என்ன, லைட் அடித்துப் போய்க்கொள்கிறேன் என்று சிரித்தார். பாய் வாதாடவில்லை. "என்னால ஒரு டீச்சரம்மா நொண்டுறாங்க. பானட்டத் தெற" என்றார். மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற என்னை அவர் கவனிக்கவில்லை. வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். என் நடை ஒரு மனிதரை இப்படிப் பேச வைக்கிறதே என்று குன்றிப்போனேன்.

பின்னாளில் நாங்களும் கார் வாங்கினோம். சென்ற வருடம் அதன் ஹாரன் நின்றுபோனது. அவருக்கு நெஞ்சு வலி வந்திருந்த சமயம் என்பதால் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்து வந்துவிட்டார். என்னை உட்கார்ந்து அழுத்தச் சொல்லிவிட்டு பானட்டுக்குள் காது கொடுத்தார். ரிலே 'டிக்' என்கிறது, அப்படியானால் ஸ்விட்ச் சரி என்றார். ஹாரனுக்கு வரும் இரண்டு ஒயரையும் கழற்றி, அவற்றின் முனைகளுக்கு நடுவே டெஸ்ட் லைட்டை வைத்து மறுபடி அழுத்தச் சொன்னார், எரிந்தது. ஒயர்களில் குறையில்லை, ஹாரனே போய்விட்டது என்று முடிவு சொன்னார். புதியதை மாட்டும்போது இரண்டு முறை நிறுத்தி நெஞ்சைத் தடவிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நானுந்தான் பின்னால பாக்காம ஒடிச்சேன். இம்புட்டு வருசமா நீங்களே சொமக்கணுமா பாய்?"

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க பாக்கலேங்கறது உங்க கணக்கு டீச்சர். நான் சரி பண்ணலேங்கறது என் கணக்கு. ஒண்ணுல இன்னொண்ணக் கழிக்க முடியாது."

அடக்கத்தன்று பெண்கள் இருந்த அறைக்குப் போனேன். வாசலிலிருந்து நான் நடந்து வருவதை அவர் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை என் காலில் விழுந்ததும் தலை தாழ்ந்தது. சாய்வு தெரியாமல் நடக்க முயன்று மேலும் தடுமாறினேன். அருகே போய் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காதர் பாய் தப்பை ஒத்துக்கொண்டார். அதற்கு என்னிடமிருந்து 'பரவாயில்லை' என்ற ஒரு பதிலை ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். போன மாதம் ஒரு மாணவியின் தாயை, விசாரிக்காமல், மற்ற பெற்றோர் முன்னிலையில் கடிந்து பேசிவிட்டேன். தவறு என்னுடையது என்று பிறகு தெரிந்தது. போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். பூக்கட்டிக்கொண்டிருந்தார். நான் செய்தது தப்பு என்று மட்டும் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர் நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. பதில் கேட்காமல் திரும்பி வந்தேன்.