தொட்டில் அசைந்தால் அக்காவுக்குத் தெரியும்

வத்தல் மிளகாய் நெடியும் ஈயம் உருகும் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும்…

ஆரியசாலைக் கடைத்தெருவில் அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. மாடியில் முன்னறை என் பட்டறை. சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டே தும்முவேன்.

பன்னிரண்டு வருடம் முன்பு, வார நாட்களில் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் நான் டிசைனர். ஏதோ ஒரு மொபைல் ஆப்புக்குப் பட்டன் வரைவது வேலை. சனி, ஞாயிறு மட்டும் என்னுடையவை. பழைய போனில் கழற்றிய மோட்டார், களிமண், துணி, பேப்பர்… கையில் கிடைத்ததைச் சேர்த்து எதையாவது செய்துகொண்டே இருப்பேன். சத்தம் கேட்டால் எரிந்து மலர்கிற பேப்பர் விளக்கு ஒன்று செய்திருந்தேன். பார்க்க அழகு. உபயோகம் ஒன்றும் இல்லை.

அப்போது அக்கா பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு எங்களுடன் இருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. நன்றாகப் பேசுவாள்; நம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அம்மா இல்லாத வீடு. அத்தானுக்கு வேலை நாகர்கோவிலில். பகலில் மாடியில் அக்காவும் குழந்தையும் மட்டும்தான்.

ஒரு நாள் அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் குழந்தை அழுதிருக்கிறது. கடைக்குச் சாமான் வாங்க வந்தவர் சொல்லித்தான் அப்பா மேலே ஓடினார். அதற்குள் குழந்தைக்குத் தொண்டை கட்டி, முகம் நீலம் பாரித்திருந்தது.

விஷயம் நாகர்கோவிலுக்குப் போனது. அத்தானின் அம்மா போனில் அப்பாவிடம் சொன்னார்: "பிள்ளைய நான் கொண்டுட்டுப் போறேன். நாலு வார்த்தை பேசுற வயசு வரட்டும், பின்னே அவகிட்ட விடலாம். கோவிச்சுக்கப்படாது, கேட்டேளா."

அதில் வன்மம் எதுவும் இல்லை. பயம்தான். அதனாலேயே எங்களால் மறுத்துப் பேச முடியவில்லை.

அக்கா அழவில்லை. என் அறைக்கு வந்து அந்த விளக்கின் முன்னால் கை தட்டினாள். அது மெல்ல மலர்ந்தது.

"எட்டி, இது பிள்ளை அழுதாலும் எரியும், அல்லே?"

எரிந்தது. ஆனால் எங்கள் தெருவில் எது சத்தமில்லாமல் நடக்கும்? லாரி ஹார்ன், மூட்டை இறக்குகிறவர்களின் கூவல், ஷட்டர் தூக்கும் சத்தம்… விளக்கு பகல் முழுக்க மலர்ந்தே இருந்தது.

சரி என்று, கையில் கட்டினால் அதிர்கிற பட்டை ஒன்று செய்தேன். அதற்கும் அதே கதி. அதிரும்போதெல்லாம் அக்கா போட்டது போட்டபடி ஓடி வருவாள். குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பட்டையைக் கழற்றி என் மேஜையில் வைத்தாள்.

"போதும்ட்டி. வர்ற லாரிக்கெல்லாம் அம்மையா இருக்க என்னால வய்யா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தே அடுத்த மாசம் பிள்ளைய எடுக்க வருவாங்க. நீ வேற என்னமாவது செய்யி."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கருவியையும் தொடவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்தது. உடனே அழவில்லை. முதலில் காலை உதைத்தது. சேலைத் தொட்டிலுக்கு மேலே, கொக்கியில் மாட்டிய ஸ்பிரிங் துள்ளியது. பிறகுதான் முகம் கோணி, உதடு பிதுங்கி… அழுகை வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

இத்தனை நாளும் நான் சத்தத்தின் பின்னாலேயே அலைந்திருக்கிறேன்!

மைக்கைத் தூக்கிப் போட்டேன். ஸ்பிரிங்கில் அசைவை அறிகிற சென்சாரைக் கட்டினேன். தொட்டிலை ஆட்டினால் ஒரு அசைவு, குழந்தை உதைத்தால் வேறு அசைவு, ஃபேன் காற்றுக்கு இன்னொன்று. இதையெல்லாம் அதற்குப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லீவு போட்டேன். சொதப்பியது. மறுபடி செய்தேன். அப்பா எட்டிப் பார்த்து, "சாப்பிட்டுட்டுச் செய்யப்படாதா?" என்பார். இது முடியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்பேன்.

வெள்ளை பிளாஸ்டிக்கில் புதுப் பட்டை தயாரானது. அக்கா முகம் சுளித்தாள். "இதக் கட்டினா ஆஸ்பத்திரியில கிடக்க மாதிரி இருக்கு." ரவிக்கைக்கு வெட்டி மிஞ்சிய பச்சைப் பட்டுத் துண்டை எடுத்து, அவளே உறை தைத்தாள். வளையல்களுக்கு நடுவே அதுவும் ஒரு வளையல் போல உட்கார்ந்துகொண்டது.

அத்தானின் அம்மா வந்தார். அக்கா சமையலறையில் இருந்தாள். அவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தை காலை உதைத்தது. நான் சமையலறை வாசலைப் பார்த்தேன்…

ஈரக் கையைத் துடைத்தபடி அக்கா உள்ளே வந்தாள். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை தொடங்கவே இல்லை.

"பக்கத்துல இருந்த எனக்கே தெரியல்லியே… உனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?"

அக்கா கையை நீட்டினாள்.

அவர் லேசில் நம்பவில்லை. தங்கியிருந்த நாட்களில், யாரும் பார்க்காதபோது, குழந்தை உதைப்பது போலவே தொட்டிலைத் தானே உலுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அக்கா வந்து நின்றாள். கடைசியில், "அத்தே, அடுப்புல சோறு பொங்குது, இனி உலுக்காதீங்க" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பிள்ளை இங்கேயே நிக்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

அந்தக் குழந்தை இப்போது ஏழாவது படிக்கிறாள். நாகர்கோவிலில் அம்மா, அப்பாவோடு இருக்கிறாள். சரியான வாயாடி.

நான் இன்று ஒரு டீமுக்கே தலைமை. நாங்கள் செய்வதை லட்சக்கணக்கானவர்கள் உபயோகிக்கிறார்கள் என்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. அன்று நான் செய்ததை உபயோகித்தவள் ஒருத்திதான். பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்லிவிடுவாள்.

போன வாரம் வீடியோ காலில் அக்கா கேட்டாள்: "மழை பெய்யத் தொடங்கினா எனக்குத் தெரிய மாட்டேங்குது. மாடியில காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சு போகுது. என்னமாவது செய்யேன்."

"கடையிலேயே ரெடியா கிடைக்குமே அக்கா."

"கடையில உள்ளது எனக்கு எதுக்கு? நீ செய்யி."

சனிக்கிழமை மீட்டிங்குகளை எல்லாம் தள்ளிவிட்டேன். முதலில் செய்தது வெறும் பனிக்கே அதிர்ந்தது. அடுத்தது நேற்றைய மழையில் நனைந்து செத்தது. புதிதாக ஒன்றைச் செய்து, இதோ பால்கனிக் கம்பியில் கட்டியிருக்கிறேன்.

கிழக்கே பொன்முடி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது… வரட்டும்.