மஞ்சள் நூல்

"இனி எதையும் தள்ளிப்போட மாட்டேன்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, நான்கு நிறப் பேனாக்களால் கால அட்டவணை போட்டு முடிக்கவே அந்தக் கல்லூரி மாணவிக்கு இரண்டு நாள் ஆனது. அதைச் சுவரில் ஒட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, தையல்காரரான அப்பா அவளுடைய வெள்ளை லேப் கோட்டை நீட்டினார்.

"பாப்பா, பட்டன் தச்சுட்டேன். நூல் தனியாத் தெரியுதா பாரு."

வெள்ளைத் துணியில் மஞ்சள் நூல் பளிச்சென்று தெரிந்தது.

நூலின் நிறம் இம்மி மாறினாலும் பிரித்துப்போட்டு மறுபடி தைப்பவர் அவர். கண் ஆஸ்பத்திரியில் பதிவு செய்யச் சொல்லி நான்கு மாதமாகக் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் "நாளைக்குப் பண்றேன்ப்பா" என்றே அவள் சொல்லியிருந்தாள்.

அட்டவணையைத் திரும்பிப் பார்த்தாள். தலைக்குக் குளிக்கும் நாள்கூட அதில் இருந்தது. அப்பாவின் கண் இல்லை.

"என்னம்மா, சரியில்லையா?"

"தெரியவே இல்லப்பா." பட்டன் உள்ளே போகும்படி கோட்டை மடித்துக்கொண்டாள். "கிளம்புங்க, கண் டாக்டர்கிட்ட போகலாம்."

"இப்பவா? உனக்குப் படிக்கிற நேரமாச்சே."

"அத நாளைக்குப் படிச்சுக்கறேன்."

தன் வாயிலிருந்து மறுபடி விழுந்த அந்த 'நாளைக்கு' என்ற சொல்லே அவளைச் சுட்டது. செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.